எம்.பி.யின் கையெழுத்தும் மாத்திரையின் விலையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் தமது தொகுதி மேம்பாட்டு நிதியில் வாங்கித் தந்த ஆம்புலன்ஸைக் கொடியசைத்துத் தொடங்கிவைக்கும் படத்தை அண்மையில் தங்கள் நாளிதழில் பார்த்தேன். படத்துக்குக் கீழே இருந்த நான்கு வரிச் செய்தி, 'மக்களின் மருத்துவத் தேவைகளுக்காகத் தொடர்ந்து பாடுபட்டு வரும்' என்று அவருக்கு அடைமொழி தந்திருந்தது. ஆம்புலன்ஸ் வந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால், அரசு மருத்துவமனை மருந்தகங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்த அடைமொழி இரண்டு நாட்களாக என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது. ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் மக்களின் மருத்துவத்துக்காகப் பாடுபட வேண்டிய இடம் எது என்பது, வாக்களிக்கும் நமக்கும், செய்தி எழுதும் தங்களுக்கும், ஏன், சில வேளைகளில் அந்த உறுப்பினருக்குமேகூட மறந்துபோயிருக்கிறது என்று எண்ணுகிறேன்.

மருந்தகத்து ஜன்னலுக்கு உள்ளே நின்றவனுக்கு, வெளியே வரிசையில் நிற்பவரின் கையில் இருக்கும் சீட்டு யார் யாருக்குக் கட்டுப்பட்டது என்பது ஓரளவு தெரியும். எழுதிய மருந்து கையிருப்பில் இருக்குமா என்பது மாநில அரசின் பொறுப்பு. பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் உள்ளன. அதில் தமிழ்நாடு பிறருக்கு வழிகாட்டியிருக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் அமைக்கப்பட்டு 1995 முதல் மருந்து கொள்முதலை ஏற்றுக்கொள்வதற்கு முன்பு, நாங்கள் எழுதி அனுப்பிய இன்டென்டுக்கு, அதாவது தேவைப் பட்டியலுக்கு, மருந்து வந்து சேர்வதற்குள் நோயாளி குணமாகியிருப்பார், அல்லது வேறு ஏதாவது ஆகியிருப்பார். கழகம் வந்தபின் மாவட்டத்துக்கு ஒரு கிடங்கும், மருந்து எடுப்பதைக் கணக்கு வைக்க மருத்துவமனைக்கு ஒரு பாஸ்புக்கும் என்ற எளிய முறை அந்த நிலையை மாற்றியது. கேரளமும் ராஜஸ்தானும் பிற்பாடு இதே முறையைப் பின்பற்றின. இதற்கெல்லாம் டெல்லியில் யாரும் கை தூக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால், அந்தச் சீட்டில் இருக்கும் மருந்து நாட்டில் விற்பனைக்கு வரலாமா, அதன் மீது ஒரே ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரிமை உண்டா, அதிகபட்ச விலை என்ன, அதை எழுதிய மருத்துவர் எந்தப் பாடத்திட்டத்தில் படித்தவர் என்பவை டெல்லியில் தீர்மானிக்கப்படுகின்றன. காப்புரிமை ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. மருந்துகளும் மருத்துவத் தொழிலும் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. கல்வியும் 42ஆவது திருத்தத்துக்குப் பிறகு அங்கே போய்விட்டது. நாடு தழுவிய மருத்துவச் சீர்திருத்தம் என்று நாம் பெரிய சொல்லால் குறிப்பிடுவது, பெரும்பாலும் இந்த நான்கைந்து சட்டங்களின் உட்பிரிவுகளில் நடக்கும் மாற்றங்களைத்தான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ராயப்பேட்டையில் சிறிய அச்சகம் ஒன்றை நடத்திவந்த என் மைத்துனருக்கு, சி.எம்.எல். என்று மருத்துவர்கள் சொல்லும் நாட்பட்ட ரத்தப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. இமாட்டினிப் என்ற மாத்திரையை நாள்தோறும், நிறுத்தாமல், சாப்பிட்டு வந்தால் நோயைக் கட்டுக்குள் வைக்கலாம் என்றார்கள். நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மாத்திரைக்கு ஒரு மாதத்துக்கு 1,20,000 ரூபாய் அளவில் ஆகும். அதே மருந்தை நம் நாட்டு நிறுவனங்கள் தயாரித்து விற்றது 8,000 முதல் 10,000 ரூபாய்க்கு. அந்த 10,000 ரூபாயும் அவருக்குச் சுமைதான் என்பதால், எங்கள் தொகுதி எம்.பி.யின் அலுவலகத்துக்குப் போய்ப் பிரதமர் நிவாரண நிதிக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டோம். அலுவலகத்தில் இருந்தவர்கள் மரியாதையாக நடந்துகொண்டார்கள். கையெழுத்தும் கிடைத்தது, சில வாரங்களில் மருத்துவமனையின் பெயருக்குப் பணமும் வந்தது. அந்த உதவியை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் கணக்குப் பார்த்தால், அது ஐந்து மாத மாத்திரைக்கு ஆயிற்று, அவ்வளவுதான். ஆறாவது மாதத்திலிருந்து இன்றுவரை அவரைப் பிழைக்கவைத்திருப்பது வேறு ஒரு கையெழுத்து.

அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். நீதிபதி ராஜகோபால ஐயங்கார் 1959இல் தந்த அறிக்கையை ஒட்டி 1970இல் இயற்றப்பட்ட நம் காப்புரிமைச் சட்டம், மருந்தைத் தயாரிக்கும் முறைக்கு மட்டுமே காப்புரிமை தந்தது, மருந்துக்குத் தரவில்லை. நம் நாட்டு மருந்துத் தொழில் வளர்ந்ததும், விலை நம் கைக்கு எட்டும்படி இருந்ததும் அதனால்தான். உலக வர்த்தக அமைப்பின் கெடுவான 2005 ஜனவரி 1 நெருங்கியபோது, மருந்துக்கே காப்புரிமை தரும் அவசரச் சட்டம் ஒன்றை 2004 டிசம்பரில் அரசு கொண்டுவந்தது. அதற்கு மாற்றாக வந்த மசோதா 2005 மார்ச் மாதத்தில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, ஆட்சியை வெளியிலிருந்து ஆதரித்துவந்த இடதுசாரி உறுப்பினர்கள், திருத்தங்கள் இல்லாமல் ஆதரிக்க முடியாது என்று வற்புறுத்தினார்கள். அந்தப் பேச்சுவார்த்தையில் உருவானதுதான் இன்றைய பிரிவு 3(டி). ஏற்கெனவே தெரிந்த ஒரு வேதிப்பொருளின் புதிய வடிவத்தைக் கொண்டுவந்தால் மட்டும் போதாது, அது நோயைக் குணப்படுத்தும் திறனில் மேம்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் காப்புரிமை கிடையாது என்பது அதன் சாரம். அவசரச் சட்டத்தில் இந்தக் கடுமை இல்லை.

அதன் பிறகு நடந்தவற்றில் பெரும்பகுதி நம் ஊரிலேயே நடந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். இமாட்டினிப் மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006 ஜனவரியில் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். பிரிவு 3(டி) அரசமைப்புக்கு முரணானது என்று அந்த நிறுவனம் தொடுத்த வழக்கை 2007 ஆகஸ்ட் 6 அன்று தள்ளுபடி செய்தது சென்னை உயர் நீதிமன்றம். கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்று உறுதிசெய்தது. உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த மறுநாள் காலை, என் மைத்துனர் அச்சகத்தில் மை படிந்த கையோடு செய்தித்தாளை என்னிடம் நீட்டி, இதில் எனக்கு என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். மாத்திரை விலை ஏறாது என்று எழுதியிருக்கிறது என்றேன். 2005 மார்ச் மாதத்தில் அந்தத் திருத்தத்துக்காக மல்லுக்கட்டிய உறுப்பினர்களில் ஒருவரைக்கூட அவர் பார்த்ததில்லை. அவர்களுக்கும் இவரைத் தெரியாது.

சட்டத்தின் ஒரு சொல் நோயாளிக்குச் சாதகமாக நிற்பதைப் போலவே, இன்னொரு சொல் அவருடைய காலை வாரிவிடவும் கூடும். நம் நாட்டில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், இதே சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமன் தலைமையில் நடந்த ஆய்வில். இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை 2004 ஏப்ரலில் நாட்டில் தொடங்கியபோது, முதல் மையங்களில் ஒன்றாக இருந்ததும் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனைதான். ஆகவே எச்.ஐ.வி. உள்ளவர்களின் உரிமைக்கான சட்டம் 2017இல் நிறைவேறியபோது, நம் உறுப்பினர்களுக்கு அதில் மற்றவர்களைவிடக் கூடுதல் அக்கறை இருந்திருக்க வேண்டும். பாகுபாட்டைத் தடுக்கும் நல்ல சட்டம் அது. ஆனால் அரசு சிகிச்சை அளிக்க வேண்டும் என்று சொல்லும் 14ஆவது பிரிவில், 'கூடுமான வரையில்' என்ற பொருள்படும் சொற்றொடர் ஒன்று நுழைந்திருக்கிறது. நோயாளிகளின் அமைப்புகள் அதை எடுத்துவிடும்படி மன்றாடின. அவையிலும் எதிர்ப்பு எழுந்தது. ஆனாலும் அது நின்றுவிட்டது. மருந்து கையிருப்பு தீர்ந்துபோன ஒரு மாதத்தில், ஜன்னலுக்கு வெளியே நிற்பவரிடம் இல்லை என்று சொல்லும் மருந்தாளுநருக்கும், அவருக்கு மேலே இருக்கும் அரசுக்கும், அந்தச் சொற்றொடர் எவ்வளவு வசதியானது என்பதை அந்த நாற்காலியில் இருந்தவன் என்பதால் என்னால் உணர முடிகிறது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985இல் வந்த பிறகு, கொறடா உத்தரவை மீறி ஓர் உறுப்பினரால் வாக்களிக்க முடியாது, எதிர்க்கட்சி உறுப்பினர் என்றால் அவர் கொண்டுவரும் திருத்தம் தோற்பது உறுதி, அவரால் தனியாக என்ன செய்துவிட முடியும் என்று கேட்பார்கள். கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. அமைச்சரல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களின் கதையைப் பார்த்தால் அது விளங்கும். விடுதலைக்குப் பிறகு இரு அவைகளிலும் நிறைவேறிச் சட்டமானவை 14 மட்டுமே, கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970இல். ஆனால் மறுபாதியும் இருக்கிறது. திருநர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை நிறைவேற்றியது. மக்களவையில் அது நிறைவேறவில்லை என்றாலும், அரசு தானே ஒரு மசோதாவைக் கொண்டுவர வேண்டிய கட்டாயம் உண்டாகி, 2019இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் குறைகளைத் திருநர் சமூகத்தினர் இன்றும் சுட்டிக்காட்டி வருகிறார்கள் என்பது வேறு விஷயம். மருத்துவச் சிகிச்சைக்கும் காப்பீட்டுக்கும் அரசு பொறுப்பேற்க வேண்டும் என்ற பிரிவு அதில் இடம்பெற்றது என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

கொறடாவின் கை எட்டாத இடமும் ஒன்று உண்டு. அதுதான் நிலைக்குழு. சுகாதாரம், குடும்பநலத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவில் இரு அவைகளையும் சேர்ந்த 31 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். தொலைக்காட்சிக் கேமரா அங்கே போவதில்லை, ஆதலால் கத்தலும் இல்லை. அந்தக் குழு 2012 மே மாதத்தில் தந்த 59ஆவது அறிக்கையை, மருந்தகத்தில் நாங்கள் மூன்று பேர் பிரதி எடுத்து, மதிய உணவு வேளையில் மாறி மாறிப் படித்தோம். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு எப்படிச் செயல்படுகிறது என்று ஆராய்ந்த அறிக்கை அது. 42 மருந்துகளின் அனுமதிக் கோப்புகளைக் குழு கேட்டிருக்கிறது. அவற்றில் மூன்று கோப்புகளைக் காணவில்லை என்று பதில் வந்திருக்கிறது. மீதி 39இல், 11 மருந்துகளுக்கு, நோயாளிகளிடம் பெரிய அளவில் நடத்திப் பார்க்கும் மூன்றாம் கட்டச் சோதனையே நடந்திருக்கவில்லை. நாங்கள் நாள்தோறும் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்த, ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்துச் செய்த கூட்டு மாத்திரைகளில் பல, மத்திய அமைப்பின் அனுமதியே இல்லாமல் மாநிலங்கள் தந்த உரிமத்தின்மீது சந்தைக்கு வந்தவை என்பதையும் அந்த அறிக்கையில்தான் முதலில் படித்தோம். பின்னர் 2016 மார்ச்சில் 344 கூட்டு மருந்துகளுக்குத் தடை வந்ததும், அது நீதிமன்றங்களுக்குப் போய் 2018இல் மீண்டும் வேறு வடிவில் வந்ததும் தங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்தச் சங்கிலியின் முதல் கண்ணிகளில் ஒன்று, கோப்பைக் கொண்டுவா என்று கேட்ட சில உறுப்பினர்கள்.

மருத்துவக் கல்வியையும் மருத்துவத் தொழிலையும் ஒழுங்குபடுத்திவந்த இந்திய மருத்துவக் கவுன்சிலின் சீர்கேடுகளை 2016இல் விரிவாக எழுதியதும் அதே நிலைக்குழுதான். கவுன்சிலுக்குப் பதிலாகத் தேசிய மருத்துவ ஆணையம் அமைக்கும் 2017ஆம் ஆண்டு மசோதா அதனிடம் அனுப்பப்பட்டபோது, சித்தா, ஆயுர்வேதம் போன்ற ஆயுஷ் முறை மருத்துவர்கள் இணைப்புப் படிப்பு ஒன்றை முடித்து அலோபதி மருந்து எழுதலாம் என்ற ஏற்பாட்டைக் கட்டாயமாக்கக் கூடாது என்று குழு சொன்னது. அரசும் அதைக் கைவிட்டது. அந்த ஏற்பாடு சரியா, தவறா என்பதில் எனக்கே தெளிவான முடிவு இல்லை. ஆனால் ஆட்சியில் பெரும்பான்மை இருக்கும்போதும் ஒரு மசோதாவின் வாசகம் குழுவில் மாறியது என்பதற்கு அது சான்று. நம் உறுப்பினர்கள் மருத்துவம் பற்றி டெல்லியில் பேசிய பேச்சில் பெரும்பங்கு நீட் தேர்வைப் பற்றியும், மதுரை எய்ம்ஸ் பற்றியுமே இருந்தது. அவை பேசப்பட வேண்டியவைதாம். மருந்துத் தரமும் விலையும் அந்த ஆரவாரத்தில் அமுங்கிப்போனது எனக்கு வருத்தம். இதயத்தில் பொருத்தும் மருந்து பூசிய ஸ்டென்டின் விலைக்கு 2017 பிப்ரவரியில் 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வந்ததே, அதற்குத் தூண்டுகோலாக இருந்தது வழக்கறிஞர் ஒருவர் டெல்லி உயர் நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கு. லட்சத்தைத் தாண்டிய பில்லைக் கட்டிவிட்டு வந்த குடும்பங்கள் எல்லாத் தொகுதியிலும் இருந்தன. கேள்வி நேரமும் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் இருந்தது.

பணத்தின் கதையும் இதேதான். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அதில் எத்தனை ஆம்புலன்ஸ் வாங்கலாம் என்று நமக்கு மனக்கணக்காகத் தெரியும். ஒன்றிய சுகாதார அமைச்சகத்தின் 2025-26 ஒதுக்கீடோ ஏறத்தாழ 1 லட்சம் கோடி ரூபாய். இந்தப் பெருந்தொகைக்கான மானியக் கோரிக்கை, பல ஆண்டுகளில், விவாதத்துக்கான கெடு முடியும் நாளில் மற்ற துறைகளோடு சேர்த்து விவாதமே இல்லாமல் ஒரே வாக்கெடுப்பில் நிறைவேறிவிடுகிறது. அரசின் மருத்துவச் செலவை 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவோம் என்று 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது. 2021-22ஆம் ஆண்டுக்கான அரசுக் கணக்கில் அது 1.84 விழுக்காடு. மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தங்கள் கையிலிருந்து செலவழிக்கும் பங்கு 2013-14இல் 64.2 விழுக்காடாக இருந்தது 2021-22இல் 39.4ஆகக் குறைந்தது உண்மையிலேயே பாராட்டத்தக்கது. ஆனாலும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் நாற்பது ரூபாய் இன்னும் குடும்பத்தின் முந்தானை முடிச்சிலிருந்துதான் வருகிறது என்பதை அவையில் யாராவது எழுந்து சொல்ல வேண்டாமா?

இவற்றையெல்லாம் எழுதும்போது, ஒரு சட்டமன்றத்துக்குள் மருத்துவத்தைக் கொண்டுபோனவர்களில் முன்னோடி நம் ஊர்க்காரர் என்பது நினைவுக்கு வருகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, 1927இல் சென்னை மாகாணச் சட்டசபையின் துணைத் தலைவராக இருந்தார். தேவதாசி முறை ஒழிப்புக்காக அவரை நாம் கொண்டாடுகிறோம், சரிதான். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும், பள்ளி மாணவர்களுக்கு முறையான மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று அந்த அவையில் அவர் வாதாடியதை அவ்வளவாகப் பேசுவதில்லை. அடையாற்றில் 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை அவருடைய முயற்சி என்பது எல்லோருக்கும் தெரியும். மருத்துவரான அவர், தம் நோயாளிகளுக்குச் சிகிச்சை மட்டும் செய்து காலம் கழித்திருக்கலாம். தீர்மானம் எழுதவும், எதிர்வாதத்துக்குப் பதில் சொல்லவும் அந்த அவைக்குப் போய் உட்கார்ந்தார். அவருடைய பெயரால் இன்று மகப்பேறு நிதியுதவித் திட்டம் நடக்கிறது, அவருடைய பிறந்த நாளான ஜூலை 30 மருத்துவமனை நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது.

சட்டம் இயற்றுவதோடு வேலை முடிவதுமில்லை. தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்த நம் மாநிலத்தில் 1997இல் ஒரு சட்டம் வந்தது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் 2018இல் வந்தன. இடைப்பட்ட இருபத்தோரு ஆண்டுகளில் எத்தனை சட்டமன்ற உறுப்பினர்கள் எங்கே விதிகள் என்று எழுந்து கேட்டார்கள் என்பது, யாராவது தேடிப் பார்த்து எழுத வேண்டிய செய்தி.

ஆகவே தங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை. சென்னையின் மூன்று மக்களவைத் தொகுதிகளிலிருந்து மூன்று பேரை அனுப்பியிருக்கிறோம். மாநிலம் முழுவதற்கும் மக்களவையில் 39 பேரும், மாநிலங்களவையில் 18 பேரும் இருக்கிறார்கள். இவர்களில் ஒவ்வொருவரும் மருத்துவம், மருந்து, சுகாதாரம் பற்றிக் கேட்ட கேள்விகள் நாடாளுமன்றத்தின் இணையதளத்திலேயே இருக்கின்றன. நிலைக்குழு அறிக்கைகளின் பின்னிணைப்பில், எந்தக் கூட்டத்துக்கு யார் வந்திருந்தார்கள் என்ற பட்டியலும் அச்சாகிறது. ஒவ்வொரு கூட்டத்தொடரும் முடிந்தபின், இந்த விவரங்களைத் தொகுதிவாரியாக ஒரு பக்கத்தில் வெளியிடுங்கள். எந்த மருத்துவ மசோதாவுக்கு யார் திருத்தம் கொடுத்தார், அந்தத் திருத்தத்தின் வாசகம் என்ன என்பதையும் தமிழில் போடுங்கள். தோற்றுப்போன திருத்தமாக இருந்தாலும் பரவாயில்லை. பரிந்துரைக் கடிதம் கேட்டு எம்.பி. அலுவலகத்தில் காத்திருக்கும் குடும்பத்தினர் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்திருந்தால், கடிதத்தை வாங்கிக்கொண்டு திரும்புமுன் இன்னும் ஒரு கேள்வி கேட்க அவர்களுக்கு வசதியாக இருக்கும்.

ஆம்புலன்ஸ் படத்தையும் தாராளமாகப் போடலாம். அடைமொழியை மட்டும் அந்தப் பட்டியலைப் பார்த்தபின் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை.